எழுபத்தைந்து டாலர் தீ

2010 செப்டம்பர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓபையன் கவுண்டி. அங்குள்ள கிராம வீடுகளுக்குச் சொந்தத் தீயணைப்புப் படை இல்லை. பக்கத்து ஊரான சவுத் ஃபுல்டனின் படை, வருடம் 75 டாலர் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் வரும். ஒருவர் அந்த வருடம் கட்டவில்லை, மறந்துவிட்டதாகச் சொன்னார். வீடு பற்றிக்கொண்டதும் போன் போட்டு, எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்றார். பட்டியலில் பெயர் இல்லை, வண்டி கிளம்பவில்லை. சந்தா கட்டிய பக்கத்துக்காரரின் நிலத்துக்குத் தீ பரவியதும் கிளம்பியது. வந்தார்கள், அந்த நிலத்தைக் காப்பாற்றினார்கள், வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று நாய்களும் ஒரு பூனையும் செத்துப்போயின.

இதற்கும் வக்கீல்கள் உண்டு. எரியும்போது கட்டினால் போதும் என்றால் எவன் முன்னாடியே கட்டுவான், படையே இழுத்து மூடப்படுமே என்பார்கள். என் தொழில்காரர்களுக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும். சந்தா முடிந்தால் கதவைச் சாத்தும் கோடை நாங்களேதான் எழுதுகிறோம், எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். சினிமா பார்க்கிற ஆப்புக்கு அது சரி.

ஆனா கணக்கையாவது ஒழுங்கா போடுங்க சாமி. வண்டி வந்தாச்சு, டீசல் எரிஞ்சாச்சு, ஆட்கள் நின்னாச்சு. மிச்சமானது கொஞ்சம் தண்ணீர். காசுதான் கவலை என்றால் அணைத்துவிட்டு முழுச் செலவுக்கும் பில் அனுப்பியிருக்கலாம். 75 டாலரை விட்டவன் ஆயிரக்கணக்கில் கட்டினால் ஊரில் ஒருத்தரும் சந்தாவை மறக்க மாட்டார்கள். 2011 டிசம்பரில் இன்னொரு வீடும் இப்படியே எரிந்தது. அதற்குப் பிறகுதான், 2012இல், சந்தா இல்லாதவர் அழைத்தாலும் போவது, 3,500 டாலர் வசூலிப்பது என்று மாற்றினார்கள்.

எல்லா அழைப்புக்கும் ஓடிக்கிட்டே இருக்க முடியுமா என்று கேட்கலாம். இருப்பது ஒரு வண்டி, வந்தது இரண்டு அழைப்பு என்றால் வரிசை வேண்டும்தான். ஆள் மாட்டியிருக்கும் வீடு முதலில், வைக்கோல் போர் அப்புறம். அந்த வரிசையை நான் எதிர்க்கவில்லை. அது தீயைப் பார்த்துப் போடுகிற வரிசை. இவர்கள் போட்டது ரசீதைப் பார்த்து.

உயிருக்கு ஆபத்து என்றால் கண்டிப்பாகப் போவோம் என்றும் ஒரு சமாதானம் உண்டு. பதறிக்கொண்டு அழைக்கிறவருக்கே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பல நேரம் தெரியாது. போனை எடுத்தவர் அதை எந்தப் பட்டியலில் தேடுவார்?