பிரம்புக்குப் பதில் பாராட்டு

வகுப்பறையில் பிரம்பு ஆண்ட காலம் மலையேறிவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துவதையும் தடை செய்கிறது. பின் ஒழுங்கை வளர்ப்பது எது? பாராட்டு என்போம் நாங்கள். ஆனால் எல்லாப் பாராட்டும் ஒன்றன்று.

1973இல் அமெரிக்க உளவியலறிஞர் மார்க் லெப்பரும் உடன் ஆய்ந்தவர்களும், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையரில் சிலருக்கு, வரைந்தால் பரிசு என முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர். வாரம் ஒன்றிரண்டு சென்றபின் அக்குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதியே! எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசையோ குறையவில்லை.

சுவரில் நட்சத்திர அட்டை மாட்டும் ஆசிரியைகள் இதைச் சற்று எண்ண வேண்டும். அந்த அட்டையை நிரப்புவது எப்போதும் அதே நாலைந்து பெயர்கள்தாம். தாமாகவே நல்லபடி நடக்கும் அவர்களுக்கு நட்சத்திரம் எதற்கு? கடைசி வரிசைக்காரியிடம், "இன்று குறுக்கே பேசாமல் கேட்டாய், கவனித்தேன்" என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள், நாளையும் முயல்வாள். பெற்றோரும் மதிப்பெண் அட்டையில் சிவப்புக் கோட்டைத் தேடுமுன், முன்னேறிய பாடம் ஒன்றைத் தேடலாமே!