கேட்டால் வேலை போய்விடுமா?

உங்கள் வீட்டில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். செக்கிங் வேலைக்கு வரும் அம்மா உள்ளே கால் வைக்கும் முன்பே கேட்டுவிடுவார். "ஷிப்டுக்கு எவ்வளவுங்க? டெய்லி ஒண்ணரை ஷிப்டு பார்க்கோணுங்களா? ஞாயித்துக்கிழமை லீவு உண்டுங்களா?" பதில் பிடிக்கவில்லையா, அடுத்த கம்பெனி!

அந்த அம்மாவின் மகன் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகிறான். முந்தின ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. காலையில் இட்லி இறங்கவில்லை. கை சில்லிட்டு, வயிறு கலக்கி, நாலு தடவை பாத்ரூம். கடைசியில் "நீங்க ஏதாவது கேட்கணுமா?" என்று அவர்களே கேட்டாலும், "ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்து வந்துவிடுகிறான்.

அம்மாவுக்கு இருக்கும் தைரியம் பிள்ளைக்கு ஏன் இல்லை? "எதையாச்சும் கேட்டு வேலையைக் கெடுத்துக்காதே கண்ணு" என்று சொல்லி அனுப்புவது யார்? நாம்தானே!

கேட்க மட்டுமா பயம்? 'தெரியாது' என்று சொல்லவும்தான். சுந்தர் பிச்சை கூகுள் இன்டர்வியூவுக்குப் போனது 2004 ஏப்ரல் 1. ஜிமெயில் அறிவிப்பு வந்ததும் அன்றுதான். "ஜிமெயில் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவரோ அதை ஏப்ரல் ஃபூல் வேடிக்கை என்று நினைத்திருந்தார்! நாலாவதாக வந்தவர் "பார்த்திருக்கிறீர்களா?" என்றதும், இல்லை என்று உண்மையைச் சொன்னார். அவரே திறந்து காட்டினார். அடுத்து வந்தவருக்குப் பதில் சொல்ல முடிந்தது. 2017-இல் தான் படித்த கரக்பூர் ஐ.ஐ.டி.யில் அவரே சொன்ன கதை இது.

சரி, வேலை நேரத்தைக் கேட்டே ஆக வேண்டுமா? ஆமாம். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குச் சாயங்காலம் 6.30 அல்லது 7.30. கலிபோர்னியாவில் 9 என்றால் நமக்கு ராத்திரி 9.30, குளிர்காலத்தில் 10.30. அந்த ஊர்க்காரர்களோடு தினமும் பேசுகிற வேலை என்றால் தூக்கம் என்ன ஆகும்?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணிக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஒண்ணரை ஷிப்டு வீதம் அஞ்சு நாள் பார்த்தாலே 60 மணி நேரம்! ஏசி ரூமில் உட்கார்ந்து பார்த்தாலும் மணிக்கணக்கு மணிக்கணக்குதான்.

வீட்டுக் கஷ்டத்துக்கு அந்த வேலையையே ஏற்க வேண்டி வரலாம். ஏற்கட்டும், தெரிந்து ஏற்கட்டும். இன்டர்வியூவுக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தை வாங்கி வைத்துவிடுங்கள். படித்தது மனசில் நன்றாகப் பதியத் தூக்கமும் வேண்டும். காலையில் ரெண்டு இட்லியாவது சாப்பிட வையுங்கள்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் எத்தனை லட்சம் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அது கிடக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "ராத்திரி வேலை உண்டான்னு கேட்டியா கண்ணு?"