சுற்றும் இன்ஜினும், காதில் சுற்றும் பூவும்



பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நடக்கிற நேரத்திலேயே ஒரு புது இன்ஜினை வடிவமைத்து முடித்துவிடுகிறவர்கள் நாம்! இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்குப் போன அப்படி ஒரு காலையில்தான் என் பெஞ்ச் நண்பன் சொன்னான்: "ப்ராஜெக்டுக்கு ரோட்டரி இன்ஜின் மாடல் பண்ணலாம்டா. வெளிநாட்டுல வீட்டு ஷெட்லயே விமானம் கட்டுறவங்க அதை மாட்டித்தான் பறக்குறாங்களாம். துளியூண்டு இன்ஜின், பவர் மட்டும் அள்ளுதாம்!"

நான் சிரித்தேன். "போடா, கார்லயே தோத்துப்போன இன்ஜின். சீல் உடைஞ்சு நடுவானத்துல நின்னுடும்." கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவன் அந்தத் தலைப்பையே விட்டுவிட்டான். வருஷா வருஷம் வருகிற அதே ஜாக்கியைத்தான் நாங்களும் செய்து வைவாவில் வைத்தோம்.

பிறகு உட்கார்ந்து படித்தேன். நான் சொன்னதில் முக்கால்வாசி தப்பு. அவன் சொன்னதிலும் கால்வாசி தப்பு. அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. முதல் உலகப்போர் விமானங்களில் இருந்த 'நோம்' போன்ற ரோட்டரி இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் அசையாது. சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். இன்று ரோட்டரி என்று நாம் சொல்வது பெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது. 1957இல் முதன்முதலாக ஓடியது. இதில் பிஸ்டனே கிடையாது, முக்கோண ரோட்டார்தான். இரண்டுக்கும் பெயர் மட்டுமே ஒற்றுமை. போதாக்குறைக்கு 'ரோடாக்ஸ்' என்றாலும் நம் பசங்க ரோட்டரி என்று நினைக்கிறார்கள். அது ஆஸ்திரியக் கம்பெனியின் பெயர். பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் (என்.ஏ.எல்.) ஹன்சா-3 விமானத்தில் இருக்கும் ரோடாக்ஸ், சாதாரண பிஸ்டன் இன்ஜின்தான்!

இரண்டாவது, "ஆறாயிரம் ஆர்.பி.எம்.ல சுத்துனா தேஞ்சு போயிடாதா?" என்ற கேள்வி. ஆறாயிரம் சுற்றுவது ஷாஃப்ட். ரோட்டார் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இரண்டாயிரம்தான் சுற்றும்.

மூன்றாவது, நண்பன் மயங்கிய 'துளியூண்டு இன்ஜின்'. வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் அதிகம் தேடுவது மாஸ்டாவின் 13பி. இரண்டு ரோட்டார், மொத்தம் 1308 சி.சி. ஆனால் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டாரும் ஒரு முறை பவர் தருகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டருக்கு அது இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஆகவே 2616 சி.சி. பிஸ்டன் இன்ஜினோடு ஒப்பிடுவதே நியாயம். மாயமில்லை, கணக்கு!

நான்காவது, "அப்படியே கழட்டி மாட்டிடலாம்" என்பது. 1.8 மீட்டர் புரொப்பல்லரை 6000 ஆர்.பி.எம்.இல் நேரடியாகச் சுற்றிப் பாருங்கள். நுனி வேகம் விநாடிக்கு 565 மீட்டர்! ஒலியின் வேகமே சுமார் 340தான். 2500க்குக் குறைத்தால் 236 வரும். ஆக, கியர் பாக்ஸ் கட்டாயம். அதற்கும் எடை உண்டு. எக்ஸாஸ்ட் சூடு அதிகம், ரேடியேட்டரும் ஆயில் கூலரும் பெரிதாக வேண்டும், பெட்ரோலும் கொஞ்சம் கூடவே குடிக்கும். நண்பனின் கால்வாசித் தப்பு இங்கேதான்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். சீல் கெட்ட பெயர் 1967இல் வந்த என்.எஸ்.யு. ரோ 80 காரால் வந்தது. பழி உண்மைதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது நான்கு ரோட்டார் கொண்ட மாஸ்டா. தவிர, இந்த இன்ஜினில் உடைய வால்வு இல்லை, கனெக்டிங் ராடு இல்லை. சீல் போனால் பெரும்பாலும் பவர் குறையுமே தவிர, உடனே இறுகி நின்றுவிடாது. வீட்டில் கட்டுகிறவர் அதைவிடப் பயப்பட வேண்டியது தன் கையால் போடுகிற பெட்ரோல் லைனுக்கும், கூலிங்குக்கும், இக்னிஷனுக்கும்தான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்" என்பீர்களா? 2009 ஏப்ரல் 5 அன்று கோலாரில் நிஷாந்த் என்ற ஆளில்லா விமானம் இந்தியாவில் செய்த 55 குதிரைத்திறன் வாங்கெல் இன்ஜினோடு பறந்தது. என்.ஏ.எல்.லும் அகமத்நகர் வி.ஆர்.டி.இ.யும் சேர்ந்து செய்தது அது. (நம்ம ஆவடி சி.வி.ஆர்.டி.இ. வேறு. ஆனால் டாங்கி செய்கிற அந்த ஆவடியில்தான் தேஜஸ் போர் விமானத்துக்கு ஒரு கியர் பாக்ஸையே உருவாக்கினார்கள்!) நிஷாந்த் படையில் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. நான் "நின்னுடும்" என்று சிரித்த அதே வகை இன்ஜின் நம் நாட்டிலேயே வானத்தில் ஓடியிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போனால், 1910இல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர் தானே வடிவமைத்த விமானத்தை இதே சென்னையில், கோச் வண்டி கட்டும் சிம்ப்சன் பட்டறையில் செய்யச் சொல்லி, பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். அன்றைக்கும் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பட்டறை ஆட்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அந்த விமானம் உருவாகியிருக்குமா?

நண்பர்களே, ரோட்டரிதான் சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விமானத்துக்கு அது சரியா என்பதை எடையும் சூடும் ஆர்.பி.எம்.மும் சொல்லட்டும். நானும் நீங்களும் ரயிலில் கேட்ட கதை சொல்ல வேண்டாம். ஒருவன் புதிதாக ஒரு தலைப்பு சொன்னால், "நடக்காதுடா" என்பதற்கு முன்னால், "கணக்கு போட்டியா? வா, சேர்ந்து போடலாம்" என்று சொல்வோம். நாளைக்கு எஸ்டேட்டில் டெஸ்ட் பெஞ்ச் முன்னால் நிற்கப்போகிறவர்கள் நாம். மீட்டர் காட்டுவதைத்தான் அங்கே எழுத வேண்டும், காதில் விழுந்ததை அல்ல.

என் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "ஜாக்கி நல்லாத்தான்டா வந்துச்சு" என்றான். அந்தப் பெருந்தன்மைதான் இன்னும் உறுத்துகிறது.

– இயந்திரவியல் இறுதியாண்டு மாணவன்