‘வேண்டாம்’ என்று சொல்லும் வழிகாட்டியைத் தேடுங்கள்

ஐரோப்பாவில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் அலாஸ்காவுக்கு மூஸ் மான் வேட்டைக்குச் செல்ல எண்ணியிருக்கிறார். வழிகாட்டியை எந்த அளவுகோலைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்பது அவருடைய வினா. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருப்பதால், நம்மூரில் இவ்வினாவுக்கே இடமில்லை. அனுமதியுள்ள நாட்டில், உண்பதற்காக வேட்டையாடுவதை மார்க்கம் ஆகுமாக்கியிருக்கிறது. வெறும் பொழுதுபோக்குக்காக உயிரைப் போக்குவதையோ அது கண்டிக்கிறது. ஆகவே, இறைச்சியை நாடிச் செல்பவரை முன்னிறுத்தியே இதனை எழுதுகிறேன்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு நம்மிடம் தெளிவான ஒரு முன்மாதிரி உண்டு. 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிராதவர். ஆயினும் பாலைவழிகளை நன்கறிந்தவர், வாக்குத் தவறாதவர். தங்கள் ஒட்டகங்கள் இரண்டையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் ஸவ்ர் குகைக்கு வருமாறு கூறினார்கள். அவர்களைப் பிடித்துத் தருவோருக்கு நூறு ஒட்டகங்கள் பரிசு என்று குறைஷியர் அறிவித்திருந்த வேளை அது. அவர் சொன்னபடி வந்தார். கடலோரப் பாதை வழியே அழைத்துச் சென்றார். திறமையும் நம்பகமும் என்னும் இரண்டுமே அங்கு அளவுகோல்களாயின. இனமும் உறவும் பார்க்கப்படவில்லை.

அலாஸ்காவின் சட்டமும் வழிகாட்டியைப் பெரும்பொறுப்பாளராகவே கருதுகிறது. அமெரிக்காவின் பிற மாநிலத்தவர் பழுப்புக் கரடி, டால் காட்டாடு, மலையாடு ஆகியவற்றை வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அம்மாநிலத்தில் வாழும் நெருங்கிய உறவினரோ உடனிருக்க வேண்டும். அமெரிக்காவில் வசிக்காத அயல்நாட்டவருக்கோ எந்தப் பெருவிலங்கு வேட்டைக்கும் வழிகாட்டி கட்டாயம். மூஸ் மானும் இதில் அடங்கும். பயணிகளைச் சிறு விமானத்தில் ஏற்றிக் காட்டில் இறக்கிவிடுவோருக்கு வேறு உரிமம் உண்டு. அவர்கள் வழிகாட்டிகள் அல்லர். கட்டணம் குறைவு என்று கருதி இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர் சட்டத்தை மீறியவராவார்.

பலரும் வழிகாட்டியிடம் முதலில் கேட்பது, “விலங்கு நிச்சயம் கிடைக்குமா?” என்பதுதான். என் கருத்தில் அது பிழையான கேள்வி. காட்டு விலங்கின் ரிஸ்கை அல்லாஹ்வையன்றி எவரும் உறுதி செய்ய இயலாது. “கட்டாயம் கிடைக்கும்” என்று வாக்களிப்பவர் தம் கையில் இல்லாததை விற்கிறார். நாம் தேட வேண்டியவர், நம் ஆசை எல்லை மீறும் தருணத்தில் “வேண்டாம்” என்று சொல்லும் துணிவுள்ளவர்.

அலாஸ்காவின் பல பகுதிகளில் வெளியார் சுடக்கூடிய ஆண் மூஸின் கொம்பு விரிவு 50 அங்குலமாவது இருக்க வேண்டும். இன்றேல் நெற்றிக் கொம்பில் விதிக்கப்பட்ட எண்ணிக்கையில் கிளைகள் இருக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில், புதர்களுக்கிடையே, தொலைவில் நிற்கும் விலங்கின் கொம்பை அளப்பது பழகிய கண்ணுக்கே அரிது. 48 அங்குலக் கொம்பைக் கண்டு, “இன்னும் இரண்டு அங்குலம் குறைகிறது, துப்பாக்கியைத் தாழ்த்துங்கள்” என்று சொல்பவரே உங்கள் பணத்துக்கு நேர்மை செய்தவர். விமானத்தில் பறந்த நாளிலேயே பெரும்பாலான பெருவிலங்குகளை வேட்டையாடலாகாது. மறுநாள் அதிகாலை 3 மணி வரை காத்திருக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. “யார் பார்க்கப்போகிறார்கள்?” என்று கண்சிமிட்டும் வழிகாட்டி நாளை உங்களிடமும் அவ்வாறே நடந்துகொள்வார்.

அடுத்தது இறைச்சி. முழு வளர்ச்சியடைந்த ஆண் மூஸ் 700 கிலோவை எட்டும். உண்ணத்தக்க இறைச்சி மட்டுமே 200 கிலோவுக்கு மேல் தேறும். அதனைக் காட்டில் விட்டு வருவது அங்கே குற்றம். இறைச்சி முழுவதும் வெளியேறும் முன் கொம்பை எடுத்துச் செல்லவும் கூடாது. வீண்விரயத்தை வெறுக்கும் நமக்கு இவ்விதி அந்நியமானதன்று. ஆகவே, “சுட்ட இடத்திலிருந்து இறைச்சியை எத்தனை பேர், எப்படிச் சுமப்பீர்கள்?” என்று கேளுங்கள். சதுப்பு நிலத்துக்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுடவே விடமாட்டேன் என்று அவர் கூறினால் மனம் வருந்தாதீர்கள். அவர் தொழில் அறிந்தவர்.

நமக்கே உரிய நிபந்தனையும் ஒன்றுண்டு. காயம்பட்ட விலங்கு தப்பிவிடாதிருக்க வழிகாட்டியும் சுடும் வழக்கம் உண்டு. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டை நாய் குறித்துக் கேட்டபோது, வேறொரு நாயும் சேர்ந்து பிடித்திருந்தால் உண்ண வேண்டாம் என்று நபியவர்கள் விலக்கினார்கள். ஏனெனில் பிஸ்மில்லாஹ் சொல்லப்பட்டது தம் நாய்க்கு மட்டுமே. ஆதலால், உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றிச் சுட வேண்டாம் என்றும், விலங்கு உயிருடன் கிடந்தால் நானே அறுப்பேன் என்றும் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். அப்பேச்சைக் கேட்டு நகைப்பவரை விட்டு விலகுங்கள். ஒப்புக்கொண்டு, ஒப்பந்தத்திலும் எழுதித் தருபவரை அமர்த்துங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆன் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

உரிமம் செல்லத்தக்கதா என்று மாநில உரிமத் துறையிடம் சரிபாருங்கள். ஒப்பந்தம் செய்பவரே உடன் வருவாரா, துணை வழிகாட்டியை அனுப்புவாரா என்று கேளுங்கள். அவருடன் சென்றவர்களின் பெயர்களைக் கேட்கும்போது, வெறுங்கையுடன் திரும்பியோரின் பெயர்களையும் கேளுங்கள். பெரிய கொம்புடன் படம் எடுத்துக்கொண்டவர் எவரையும் புகழ்வார். பத்து நாள் மழையில் நனைந்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர், “அவருடன் மீண்டும் போவேன்” என்று சொன்னால், அந்த வழிகாட்டியிடம் அமானிதத்தை ஒப்படைக்கலாம்.