அவள் கையெழுத்து போதும்



"கருவைக் கலைக்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டே ஆகணுமா?" நம் மருத்துவப் பகுதிக்குப் பெயர் போடாமல் வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. மயிலாப்பூரில் இரண்டு பிள்ளை பெற்றவரும் கேட்கிறார். தி. நகர் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பும் திருமணமாகாத பெண்ணும் கேட்கிறார். பதில் அனுப்ப முகவரி இல்லை. அதனால் இந்த மாதம் என் பக்கத்தை அவர்களுக்கே தருகிறேன்.

வேண்டாம், தாயே. பதினெட்டு வயது நிறைந்திருந்தால் உங்கள் கையெழுத்து ஒன்றே போதும். கணவர், அப்பா, மாமியார் என்று யாருடைய சம்மதத்தையும் சட்டம் கேட்கவில்லை. 1971-ல் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்ட நாளிலிருந்தே இப்படித்தான். வயது குறைந்தவர்களுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் மட்டுமே பாதுகாவலரின் ஒப்புதல் தேவை.

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்பகாலத்தில் கணவரை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள் போன்றோருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை இடமுண்டு. 2021-ல் வந்த திருத்தம் இது. கருத்தடை பலிக்காமல் போனதைக் காரணமாகச் சொல்லும் உரிமை அதற்குமுன் மணமான பெண்ணுக்கு மட்டுமே இருந்தது. இப்போது எந்தப் பெண்ணும் சொல்லலாம். பெண்ணின் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனைகூட உண்டு. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் மணமானவர், மணமாகாதவர் என்ற பாகுபாடே கூடாது என்று தீர்ப்பளித்தது. கணவனே பலவந்தம் செய்து உண்டான கருவும் இந்தச் சட்டத்தின் நோக்கில் வன்கொடுமையால் உண்டானதே என்றும் சொன்னது.

இவ்வளவு இருந்தும் ஏன் அந்தக் கடிதங்கள் வருகின்றன?

அமெரிக்காவில் கருக்கலைப்பு மருத்துவமனைகளின் வாசலில் எதிர்ப்பாளர்கள் கூட்டமாக நின்று மறித்த காலம் உண்டு. உள்ளே போகும் பெண்ணை இரு பக்கமும் நின்று அழைத்துப் போகத் தன்னார்வலர்கள் வந்தார்கள். மறிப்பதைத் தடுக்க 1994-ல் தனிச் சட்டமும் வந்தது. 2022-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டு உரிமையையே எடுத்துவிட்டது. நம் அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ வாசலில் யாரும் மறிப்பதில்லை. தடை உள்ளே இருக்கிறது. வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். "வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணிக்கிறதா இருந்தா பார்க்கலாம்" என்பதும் உண்டு. இவற்றில் ஒன்றையும் சட்டம் சொல்லவில்லை.

"அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்புவதுதான் எனக்கு இவற்றில் மிகக் கொடியதாகப் படுகிறது. ஒன்பது வாரம் வரை மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையாலேயே முடியக்கூடியது, தள்ளிப்போனால் சிகிச்சை அறைக்குப் போக வேண்டியதாகிறது. இன்னும் தள்ளினால் ஆபத்தும் செலவும் ஏறுகின்றன. கையெழுத்துக்காக ஒரு பெண் அலையும் ஒவ்வொரு நாளையும் அவள் உடம்பு கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை இருக்கும். பெண் சிசுக்களை இழந்த நம் மாநிலத்துக்கு அந்தப் பலகை அவசியம். ஆனால் சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொள்ளலாம் என்று சொல்லும் பலகை பக்கத்தில் இல்லாததால், கலைப்பதே குற்றம் என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர்களிலும் சிலர் இரண்டு சட்டங்களையும் குழப்பிக்கொண்டு, எதற்கு வம்பு என்று ஒதுங்குகிறார்கள். சட்டத்திலும் குறை இல்லாமல் இல்லை. முடிவைப் பெண்ணிடம் விடாமல் மருத்துவரின் கருத்தில் வைத்திருக்கிறது. அது மாற வேண்டும் என்பதே என் எண்ணம்.

இந்த அறிவைப் பெண்களிடம் சேர்க்கப் போனவர்கள் எளிதில் தப்பியதில்லை. பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட், அடையாற்றுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு, 1877-ல் லண்டனில் சார்லஸ் பிராட்லாவோடு கூண்டில் நின்றார். கருத்தடை முறைகளைச் சொல்லும் ஒரு சிறு நூலை வெளியிட்டதுதான் குற்றம். தண்டனை மேல்முறையீட்டில் நீங்கியது. ஆனால் அடுத்த ஆண்டே மகளை வளர்க்கும் உரிமையை நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்தது. பிரம்மஞான சபையில் (தியாசபி) சேர்ந்தபின் இந்தப் பொருளில் தாம் எழுதிய நூலையே அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இங்கே பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்று ஓர் அத்தியாயமே வைத்தார். உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் மற்றவர்கள் அதை ஆதரித்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். இன்றும் நம் குடும்ப நலத் திட்டங்கள் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

செங்கல்பட்டுப் பகுதியில் 1981 முதல் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம் இந்த அறிவைப் பெண்களிடம் சேர்க்கும் வேலையைச் செய்துவருகிறது. சுந்தரி ரவீந்திரனும் உள்ளூர்த் தலித் பெண்களும் சேர்ந்து தொடங்கியது. தன் உடம்பைப் பற்றி ஒரு பெண் பக்கத்துவீட்டுப் பெண்ணுக்குச் சொல்லித்தருவதே அவர்கள் வழி. சென்னையிலும் அது நடக்கலாம். ஒரு தோழியோடு மருத்துவமனைக்குப் போய், "கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லையே, டாக்டர்" என்று பணிவாகச் சொல்ல ஒரு துணை இருந்தால் அன்றைக்கே காரியம் முடியும்.

அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் இந்த விதிகளை, வெட்டி ஒட்டும்படி ஒரே தாளில் தருகிறோம். ஹாஸ்டல் வார்டன்கள், கல்லூரி ஆசிரியைகள், கடைகளில் பெண்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் எழுதிக் கேட்டால் வேண்டிய பிரதிகளை இலவசமாக அனுப்பிவைப்போம். அந்தத் தாளைச் சரிபார்த்துத் தர முன்வரும் மகப்பேறு மருத்துவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்