குணசேகரன் மட்டும்தானா ஆண்?

திருச்செல்வம் இயக்கத்தில் 2022 முதல் 2024 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ தொடரை, ஆணாதிக்கத்தைத் தோலுரித்துக் காட்டிய தொடர் என்று பாராட்டாதவர் குறைவு. அந்தப் பாராட்டில் நமக்கு முழு உடன்பாடில்லை.

படித்துவிட்டு வந்த மருமகள்களை அடுப்படியில் அடக்கிவைக்கும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபின் அப்பாத்திரத்தை ஏற்றவர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. மாரிமுத்துவின் திறமையில் ஐயமில்லை. ஆனால் நடந்தது என்ன? வெறுக்கப்படவேண்டிய கொடுங்கோலன் வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளையானான். பெண்களை அவன் அதட்டி விளிக்கும் சொற்கள் கைபேசிகளில் வேடிக்கைத் துணுக்காகச் சுற்றின. மயிலாப்பூரில் நண்பர் ஒருவர் வீட்டில் ஏழு வயதுப் பேரன் அதே தொனியில் பாட்டியிடம் தண்ணீர் கேட்டான். வீடே சிரித்தது. தண்ணீரும் வந்தது. நாமும் அங்கிருந்து சிரித்தவர்கள்தாம்.

இதில் நடிகரின் குற்றம் ஏதுமில்லை. நாள்தோறும் வரும் தொடரில் கொடியவன் தோற்றால் கதை முடிந்துவிடும். ஆகவே அவனுக்குரிய தண்டனை தள்ளிப்போகிறது, பேச்சு மட்டும் வளர்கிறது. நூற்றுக்கணக்கான நாட்கள் அவன் குரலைக் கேட்டவர்களுக்கு, ஒருநாள் கிடைக்கும் தண்டனையா நினைவில் நிற்கும்?

இன்னொரு வசதியும் உண்டு. மதுரைப் பக்கத்துப் பெரிய வீடு, மீசை, அதட்டல். இவற்றைப் பார்க்கும் அடையாற்று அடுக்ககவாசி, “நான் அப்படியில்லை” என்று நிம்மதியாக உறங்கப் போகிறார். செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல், “உனக்கெதற்கு இந்தச் சிரமம், வேலையை விட்டுவிடேன்” என்று அன்பொழுகச் சொல்லி மனைவியின் இருபதாண்டு உழைப்பை முடித்துவைப்பவரும் அவரே. குரல் உயராத இந்த ஆதிக்கம் நம் தொடர்களில் அரிதாகவே தலைகாட்டுகிறது. சன் குழுமத்தின் கட்டடம் இருப்பதோ மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவே, எம்.ஆர்.சி. நகரில்!

ரங்கநாதன் தெரு நெரிசலில் ஒரு தோளில் குழந்தையும் மறுகையில் பைகளுமாக மனைவியின் பின்னே நடக்கும் ஆணும் திரைக்கு வருவதில்லை. வந்தால் பெண்டாட்டிதாசனாக, கேலிப்பொருளாக வருகிறான். அதட்டத் தெரியாதவன் ஆணல்லன் என்ற பாடத்தை, ஆணாதிக்கத்தை எதிர்ப்பதாகச் சொல்லும் தொடர்களே இவ்வாறு கற்பிக்கின்றன.

நேயர்கள் கேட்பதைத்தானே தருகிறோம் என்பார்கள். 2002 முதல் 2005 வரை இதே சன் தொலைக்காட்சியில் ‘மெட்டி ஒலி’ வந்தது. டெல்லி குமார் நடித்த சிதம்பரம், ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவர்களுக்காகக் கலங்கிய தகப்பன். மீசை முறுக்காத, அழத் தயங்காத அந்த மனிதருக்காகத் தமிழ்நாடு தினமும் காத்திருக்கவில்லையா? ஆகவே பஞ்சம் நேயர்களின் ரசனையில் இல்லை, எழுதுபவர்களின் துணிவில் இருக்கிறது.

அவர்கள் திருந்தும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்தமுறை அந்தப் பேரன் அதட்டும்போது சிரிக்காமல் இருப்போம். தண்ணீரை அவனே எடுத்துக் குடிக்கட்டும். பாட்டிக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்து கொடுக்கட்டும்.