துப்பாக்கி "தவறுதலாக" வெடித்ததாம்!

போன வாரம் நகைக்கடன் வட்டி கட்டுறதுக்காக திருத்துறைப்பூண்டியில ஒரு பேங்குக்குப் போயிருந்தேன். (எந்த பேங்குன்னு கேட்காதீங்க. நகை இன்னும் அங்கதான் இருக்கு :-))

டோக்கன் 47. ஓடிக்கிட்டு இருந்தது 19. சரி, வேடிக்கை பார்ப்போம்னு உட்கார்ந்தேன். வாசல் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல காவலாளி. அறுபதை ஒட்டின வயசு, முறுக்கு மீசை, நல்ல மனுஷன். வர்ற பாட்டிகளுக்கெல்லாம் சலான் எழுதிக் கொடுக்கிறார். மடியில ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் குறுக்கால போட்டு வச்சிருக்கார். குழல் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பார்த்தேன். டோக்கன் வாங்கினவங்க உட்கார்ற பெஞ்சு. அதுல ஒரு அம்மா, அவங்க முட்டியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு ஒரு பொடியன், மூணு நாலு வயசு இருக்கும். குழல் வாயும் அவன் நெத்தியும் சரியா ஒரே மட்டம்.

எழுந்து போய்க் கேட்டேன். "அண்ணே, தோட்டா போட்டிருக்கா?"

"போடாம என்னத்துக்குத் தம்பி இதைத் தூக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்?"

"இல்லண்ணே, அந்தப் பையன் பக்கம் திரும்பி இருக்கு..."

"சேப்டி போட்டிருக்கு தம்பி. இது என்ன தானா வெடிக்கவா போவுது?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். தானா வெடிக்காது. அவர் சொன்னது நூத்துக்கு நூறு நிஜம். ஆனா வெடிச்ச மறுநாள் பேப்பரைப் பாருங்க. "துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில் ஒருவர் படுகாயம்." துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது தவறுதலாக வெடித்தது. கீழே விழுந்ததில் தவறுதலாக வெடித்தது. எழுவாய் எப்பவும் துப்பாக்கிதான். அதைப் பிடிச்சிருந்த ஆள் வாக்கியத்துலயே இருக்க மாட்டார், எங்கயோ டீ குடிக்கப் போயிட்ட மாதிரி. வெடிக்கிறதுக்கு முன்னாடி தானா வெடிக்காது. வெடிச்ச பின்னாடி தானா வெடிச்சிடுச்சு. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

எங்க ஊர்ல கருக்கருவா இல்லாத வீடு கிடையாது. "கருக்கருவா தவறுதலாக அறுத்தது"ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சொன்னா ஆத்தா முதுகுல ரெண்டு வைப்பாங்க. அருவாளைக் கொடுக்கும்போது பிடி வாங்குறவங்க பக்கம் இருக்கணும். வேலை முடிஞ்சா தரையில போடக்கூடாது, கூரையில செருகணும், அதுவும் முனை உள்பக்கம். சின்னப்பிள்ளை நடமாடுற இடத்துல எடுத்தாலே அதட்டல். இதையெல்லாம் யாரும் சட்டம் போட்டுச் சொல்லித் தரலை. நூத்துக்கணக்கான வருஷம் விரல் போய், கால் போய், அதுல கத்துக்கிட்டது. துப்பாக்கி விஷயத்துல மட்டும் நமக்கு அப்படி ஒரு ஆத்தா அமையலை.

எங்க பெரியப்பா ஒருத்தர் வீட்டுல ஒரு 12 போர் இருந்துச்சு. தாத்தா காலத்து லைசென்ஸ். மான்கொம்புக்குப் பக்கத்துல சுவத்துல தொங்கும். ஆயுத பூஜைக்கு இறக்கி, எண்ணெய் போட்டுத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு படத்துக்குக் கீழே சாத்துவாங்க. ஒரு வருஷம் துடைக்கும்போது 'டமார்'. கூரையில ஓடு நாலு பறந்துச்சு. அடுத்த பத்து வருஷத்துக்கு எங்க குடும்பத்துல எந்த கல்யாணம் காதுகுத்துன்னாலும் "பெரியப்பா கூரையைச் சுட்ட கதை"தான் ஹிட். நானும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். அந்த ஓட்டுக்கு நேர் கீழே பரண். வெடிக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் பித்தளைக் குத்துவிளக்கை எடுக்க என்னை அந்தப் பரண் மேல ஏத்தி விட்டிருந்தாங்க. கதை சொல்லும்போது இந்த பாகத்தை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. நானும் சொன்னதில்லை. ரொம்ப வருஷம் கழிச்சு நார்த்தாமலை செய்தி படிச்சப்பதான் அந்தப் பரண் ஞாபகத்துக்கு வந்து வயித்தைப் பிசைஞ்சது.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம், நார்த்தாமலை. பக்கத்துல பசுமலைப்பட்டியில துப்பாக்கி சுடும் தளம். மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்காரங்க பயிற்சி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. தளத்துக்கு வெளியே, ஊருக்குள்ள, தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில ஒரு குண்டு வந்து பாய்ஞ்சது. புதுக்கோட்டைக்குத் தூக்கிட்டு ஓடி, அங்கிருந்து "தஞ்சாவூருக்கு எழுதிட்டாங்க". நம்ம டெல்டாக்காரங்களுக்கு இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல ஆபரேஷன் செஞ்சு குண்டை எடுத்தாங்க. 2022 ஜனவரி 3-ம் தேதி பையன் போயிட்டான். ஊர் ஜனம் ரோட்டுக்கு வந்துச்சு. தளத்தைத் தற்காலிகமா மூடினாங்க. அரசு 10 லட்சம் நிவாரணம் அறிவிச்சது.

அந்தப் பையன் எந்தத் துப்பாக்கியையும் தொடலை. பார்க்கக்கூட இல்லை. சுட்டவரும் அவனைப் பார்க்கலை. ராணுவ ரகத் துப்பாக்கியோட குண்டு இலக்குல படலைன்னா கிலோமீட்டர் கணக்குல போகும். அதனாலதான் தளத்துக்குப் பின்னாடி மண்மேடு, மலை, சுவர்னு ஒரு தடுப்பு வேணும்கிறது. இலக்கைத் தாண்டி என்ன இருக்குன்னு தெரியாம விசையை அமுக்கினா, அமுக்கின நிமிஷமே தப்பு நடந்து முடிஞ்சாச்சு. குண்டு யார் மேல படுதுங்கிறது மட்டும்தான் பாக்கி. இதைப் போய் "எதிர்பாராத சம்பவம்"னு எழுதினவங்க உண்டு. அங்க இருந்த ஜனங்களைக் கேட்டிருந்தா எதிர்பார்த்தாங்களா இல்லையான்னு சொல்லியிருப்பாங்க.

இந்த இடத்துல ஒரு நண்பர் (பதிவர்தான், பேர் வேணாம், கும்மிடுவீங்க) போன்ல சண்டை போட்டார். "இதென்ன அமெரிக்காவா? நம்மூர்ல எத்தனை பேர்கிட்ட துப்பாக்கி இருக்கு? இருக்கிறவங்களும் பயிற்சி எடுத்தவங்க. அந்த பேங்க் காவலாளிகூட எக்ஸ்-சர்வீஸ்மேனா இருப்பாரு."

பயிற்சி எடுத்தவங்களா? நார்த்தாமலையில சுட்டவங்க யாரு? 2024 மே மாசம் கல்பாக்கத்துல அதே படையைச் சேர்ந்த ஒரு வீரர் பஸ்ல போய்க்கிட்டு இருக்கும்போது அவரோட துப்பாக்கியே வெடிச்சு கழுத்துல குண்டு பாய்ஞ்சு செத்துப்போனார். வேகத்தடையில பஸ் குலுங்கினப்ப வெடிச்சதுன்னு செய்தி. பயிற்சி பத்தாத ஆளா அவர்? பஸ்ஸுக்குள்ள தோட்டா எங்க இருக்கணும், குழல் எங்க பார்க்கணும்னு ஒரு பழக்கம் அன்னிக்கு ஒரு கணம் அறுந்து போச்சு. பயிற்சிங்கிறது ஒருதடவை வாங்கி பிரேம் போட்டு மாட்டுற சர்டிபிகேட் இல்லை.

அமெரிக்கான்னதும் சொல்லணும். ஜெஃப் கூப்பர்னு ஒருத்தர், மரைன் படையில இருந்தவர், 1976-ல அரிசோனாவுல துப்பாக்கிப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார். அவரோட அரசியலெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. ஆனா அவர் பிரபலமாக்கின நாலு விதி தங்கம். என் பாஷையில: எல்லாத் துப்பாக்கியும் தோட்டா போட்டதுதான்னு நினை. அழிக்க விரும்பாத எதுக்கு நேராவும் குழலைக் காட்டாதே. குறி பார்த்து முடிக்கிற வரைக்கும் விரல் விசைக்குள்ள போகக்கூடாது. இலக்கையும், இலக்குக்குப் பின்னாடி இருக்கிறதையும் தெரிஞ்சுக்கிட்டுச் சுடு. இதுல அழகு என்னன்னா, ஒரு விதியை மறந்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும். பெரியப்பா முதலையும் மூணாவதையும் மறந்தார். ரெண்டாவதை, தெரிஞ்சோ தெரியாமலோ, பாதி காப்பாத்தினார். குழல் பெரியம்மா பக்கம் இல்லாம மேல பார்த்துச்சு. பரண்ல ஆள் இல்லாதது அவர் கெட்டிக்காரத்தனம் இல்லை, என் அதிர்ஷ்டம்.

எனக்கு இந்த நாலையும் வேற மாதிரி சொல்லிக் கொடுத்தவர் என்.சி.சி. ஹவில்தார் ஒருத்தர். .22 ரைபிள், கேம்ப்ல சுடும் பயிற்சி. அஞ்சு குண்டு சுட்டுட்டு, "மாப்ள, எத்தனை பட்டுச்சு?"ன்னு பக்கத்துல இருந்தவனைக் கேட்கத் திரும்பினேன். ரைபிளும் என்கூடவே திரும்பிச்சு. பொடதியில பளார்! காது 'கொய்ங்'னுச்சு. அப்புறம் "ஜாஞ்ச் சஸ்த்ர்"னு கத்தி ஒவ்வொருத்தன் ரைபிளையும் திறந்து உள்ள பார்த்த பிறகுதான் எழுந்திருக்க விட்டார். அறையை நியாயப்படுத்தலை. ஆனா அன்னிக்கு வந்த பழக்கம் இன்னும் போகலை. தீபாவளிக்குப் பசங்க பொட்டுவெடி துப்பாக்கியை மூஞ்சிக்கு நேரா நீட்டினாக்கூட கை தானா தட்டி விடுது. (வீட்டுல லூசுன்னு பட்டம்.)

இப்ப அந்த "சேப்டி போட்டிருக்கு" விஷயத்துக்கு வர்றேன். சுத்தி வெளியே தெரியாத ரெட்டைக்குழல் துப்பாக்கிகள்ல, மடிச்சுத் திறக்கும்போதே உள்ள இருக்கிற சுத்தி ரெண்டும் பின்னாடி போய் மாட்டிக்கும். தோட்டா போட்டு மூடினா, ஸ்பிரிங் இழுத்த நிலையிலேயே காத்துக்கிட்டு இருக்கும். சேப்டி பட்டன் பெரும்பாலான துப்பாக்கிகள்ல விசையைத்தான் பூட்டும், சுத்தியை இல்லை. தேய்ஞ்ச பழைய துப்பாக்கி கல்தரையில 'டங்'குன்னு விழுந்தா சுத்தி நழுவ வாய்ப்பு இருக்கு. சேப்டி பட்டன் பாட்டுக்குப் போட்டபடியே இருக்கும், தோட்டா வெடிச்சிருக்கும்.

பழைய ரிவால்வர்களும் இப்படித்தான். சுத்தியோட மூக்கு நேரா தோட்டா மேலயே உட்கார்ந்திருக்கிற ரகங்கள் உண்டு. அதனாலதான் அந்தக் காலத்துல விவரமானவங்க ஒரு அறையைக் காலியா விட்டு, அது மேல சுத்தியை நிறுத்தி வைப்பாங்க. 2024 அக்டோபர் 1-ம் தேதி விடியக்காலையில நடிகர் கோவிந்தா மும்பையில தன்னோட லைசென்ஸ் ரிவால்வரை அலமாரியில வைக்கப் போய், அது விழுந்து வெடிச்சு முட்டிக்குக் கீழே குண்டு பாய்ஞ்சதே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் மீம் போட்டோம். வீட்டுக்குள்ள வைக்கப்போற துப்பாக்கியில தோட்டா எதுக்குன்னு எத்தனை பேர் கேட்டோம்?

கொடுமை என்னன்னா, உலகத்துலயே பாதுகாப்பா வச்சுக்க ரொம்பச் சுலபமான துப்பாக்கி இந்த ரெட்டைக்குழல்தான். நடுவுல மடிச்சு முழங்கையில தொங்க விட்டா போதும். தோட்டா உள்ளயே இருந்தாலும் சுட முடியாது, எதிர்ல இருக்கிற குருட்டுக் கிழவிக்குக்கூட அது திறந்திருக்கிறது தெரியும். தேவைன்னா ஒரு நொடியில மூடிக்கலாம். மடிக்கக்கூடாதுன்னா மேனேஜர் அந்த நாற்காலியையாவது திருப்பிப் போடலாம் இல்லையா? செலவு பூஜ்யம்.

நாட்டுத் துப்பாக்கி இதுக்கு நேர் எதிர். வாய் வழியா மருந்து, குண்டு, துணி எல்லாம் இடிச்சு நிரப்புறது. சுடலைன்னா காலி பண்றது பெரிய பாடு. அதனால பன்னி வராத ராத்திரி, நிரப்பினபடியே வீட்டுக்கு வந்து மூலையில நிக்கும். மறுநாள் யாராவது எடுத்து விளையாடுவாங்க. நமக்கெல்லாம் தெரிஞ்ச செய்திதான். இலங்கையில இதையே கம்பியில கட்டி வயல்ல வைக்கிறாங்க, கட்டுத்துவக்குன்னு பேர். பன்னிக்கு வச்சதுல விவசாயி கால் போறது அங்க தீராத கதை. ஈழத்து நண்பர்கள் இன்னும் விவரமா எழுதலாம்.

சட்டம் இல்லாமலா? இருக்கு. 1959 ஆயுதச் சட்டத்துலயே பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் பத்திப் பேசுது. 2016-ல வந்த ஆயுத விதிகள், லைசென்ஸ் கேட்கிறவர் பாதுகாப்புப் பயிற்சி முடிக்கணும்னு சொல்லுது. கையாளுறது, எடுத்துட்டுப் போறது, வீட்டுல வைக்கிறது எல்லாம் அதுல அடக்கம். 2019 திருத்தத்துல, அஜாக்கிரதையா சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினா 2 வருஷம் வரை ஜெயில், இல்ல 1 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும்னு வச்சாங்க. வடக்கே கல்யாணத்துல வானத்தைப் பார்த்துச் சுடுறாங்களே, அதுக்காக வந்தது. (நாம அதிர்வேட்டோட நிறுத்திக்கிட்டோம், பிறவி மருந்தீஸ்வரர் புண்ணியம்.)

ஆனா தாத்தா துப்பாக்கியைச் சுவத்துல மாட்டி வச்சிருக்கிற பெரியப்பாக்களுக்கு யார் சொல்லித் தர்றது? இதுக்கு என்கிட்ட ஒரு யோசனை இருக்கு. ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்க. தாலுக்காவுல இருக்கிற அத்தனை துப்பாக்கிக்காரங்களும் வர்ற ஒரே சந்தர்ப்பம். ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கி, ரசீது கொடுத்து அனுப்பிடுறாங்க. அன்னிக்கு ஒரு அரைமணி நேரம், ஆயுதப்படைக்காரர் ஒருத்தரை வச்சு, திற, உள்ள பார், குழலைக் கீழே பிடின்னு ஒவ்வொருத்தரையும் செய்ய வச்சா என்ன குறைஞ்சு போகும்? திருப்பி வாங்கும்போது செஞ்சு காட்டினாத்தான் துப்பாக்கின்னு சொல்லுங்க. அடுத்த தேர்தல் வரைக்கும் மறக்காது.

"எல்லாம் விதி"ன்னு சொல்ல ஒரு குரூப் தயாரா இருக்கும். வாங்க, பேசுவோம். ஆனா அருவாளைப் பிள்ளை கையில கொடுத்துட்டு விதின்னு உட்கார்ந்திருப்பீங்களான்னு மட்டும் சொல்லிட்டுப் பேசுங்க.

நேத்து அசல்ல கொஞ்சம் கட்டலாம்னு மறுபடி அந்த பேங்குக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் லேசா முறைச்சார். துப்பாக்கியை மடிக்கலை. ஆனா நாற்காலி திரும்பியிருந்தது. குழல் பாஸ்புக் பிரிண்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தது. அந்த மெஷின் ரெண்டு மாசமா ரிப்பேர்.